கேமுக்குள் கிடக்கும் கடதாசிகள்: நின்று வாசிப்பதா, தாண்டி ஓடுவதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை உவர்மலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஒரு பழைய பிளேஸ்டேஷன் 4 இருக்கிறது. சனி, ஞாயிறு வந்தால் அக்காவின் மகனும் அவனுடைய கூட்டாளிகளும் வந்து நிறைந்துவிடுவார்கள். நான் விளையாடும்போது மேசையில் ஒரு கடதாசி கிடந்தால் நின்று வாசிப்பேன். அந்த நேரம் பின்னால் இருந்து “ஐயோ மாமா, போங்க போங்க” என்று சத்தம் வரும். அவர்கள் பொறுமையிழந்து கேட்ட கேள்விகள்தான் இவை. பெரியவர்கள் கேட்டதும் ஒன்றிரண்டு உண்டு. பதில் சொல்லப் பழைய கேம்களின் கதையை உடைக்க வேண்டியிருக்கிறது. குறிப்பாக ‘த லாஸ்ட் ஒஃப் அஸ்’ விளையாடாதவர்கள் ஐந்தாவது கேள்வியைத் தாண்டிப் போங்கள்.

லோர், லோர் என்கிறார்களே, அது என்ன?

கேம் ஓடும்போது கண்முன்னே நடப்பது கதை. அந்தக் கதை தொடங்குவதற்கு முன்பு அந்த ஊரில் யார் இருந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், யாருக்கும் யாருக்கும் பகை, ஊர் ஏன் பாழடைந்தது என்பதெல்லாம் லோர். தமிழில் முன்கதை என்று சொல்லலாம், ஆனால் பொடியன்கள் லோர் என்றுதான் சொல்வார்கள், நானும் அப்படியே விட்டுவிடுகிறேன். அது டயரியாக, கடிதமாக, ஓடியோ பதிவாக, கணினியில் திறந்து கிடக்கும் மின்னஞ்சலாக, சுவரில் கிறுக்கிய ஒற்றை வரியாக, ஒரு வாளின் பெயருக்குக் கீழே இருக்கும் மூன்று வரியாகக்கூட இருக்கும். எடுப்பதும் விடுவதும் உங்கள் விருப்பம்.

வாசிக்காவிட்டால் கேமை முடிக்க முடியாதா?

பெரும்பாலும் முடிக்கலாம். வாசிக்காதவன் தோற்றுப்போகிற மாதிரி எந்தக் கொம்பனியும் சாதாரணமாகக் கேம் செய்யாது. ஆனால் பூட்டு இருக்கிற கேம்களில் கவனம். 2000இல் வந்த ‘டியூஸ் எக்ஸ்’, 2004இல் வந்த ‘டூம் 3’ போன்றவற்றில் கதவு, அலுமாரி இலக்கங்கள் யாரோ ஒருவருடைய மின்னஞ்சலுக்குள் கிடக்கும். வாசித்தால் துப்பாக்கி ரவை கிடைக்கும், வாசிக்காவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு நிற்க வேண்டும். 451 என்ற இலக்கம் 1994இல் வந்த ‘சிஸ்டம் ஷொக்’ கேமின் முதல் கதவில் இருந்தது. பிறகு டியூஸ் எக்ஸ், ‘பயோஷொக்’ என்று அந்தப் பரம்பரைக் கேம்களில் எல்லாம் 0451 என்று திரும்பத் திரும்ப வருகிறது. அந்தக் குடும்பத்துக் கேம் ஒன்றில் இலக்கப்பூட்டைக் கண்டால் நான் முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பேன்.

‘விட்சர் 3’ இன்னொரு மாதிரி. பூதங்களைப் பற்றிய குறிப்பேட்டில் எந்தப் பூதத்துக்கு எந்த எண்ணெயை வாளில் பூச வேண்டும், எந்த மந்திரம் பலிக்கும் என்று எழுதியிருக்கும். அக்கா மகன் ஒரு பூதத்திடம் பதினொரு தரம் செத்தான். பன்னிரண்டாவது தரம் நான் குறிப்பேட்டைத் திறந்து காட்டினேன். அவன் இன்றுவரை அது தன் திறமை என்றுதான் சொல்கிறான்.

வாசிப்பதே விளையாட்டாக இருக்கிற கேம்களும் உண்டு. ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ (2019) கேமில் நீங்கள் பலசாலி ஆவதே இல்லை. 22 நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். அழிந்துபோன ஓர் இனம் சுவர்களில் சுருள் சுருளாக எழுதி வைத்ததை வாசித்து வாசித்து, அடுத்த சுற்றில் எங்கே போக வேண்டும் என்று அறிந்துகொள்வதுதான் முன்னேற்றம். ‘ரிட்டர்ன் ஒஃப் த ஒப்ரா டின்’ (2018) கேமில் 1807ஆம் ஆண்டு ஆளில்லாமல் துறைமுகத்துக்குத் திரும்பி வந்த கிழக்கிந்தியக் கொம்பனிக் கப்பலில் ஏறி, 60 பேரும் யார் யார், ஒவ்வொருவருக்கும் என்ன நடந்தது என்று பெயர்ப்பட்டியலை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். துறைமுக ஊர்க்காரருக்கு இதை நான் கட்டாயம் சிபாரிசு செய்வேன். எங்கள் ஊரின் பெயரிலேயே ஒரு பாய்க்கப்பல் 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தில் கட்டப்பட்டது. அது இன்றைக்கும் இங்கிலாந்தில் ஹார்ட்ல்பூல் என்ற இடத்தில் மிதந்துகொண்டு நிற்கிறது. அதன் படத்தைப் பார்த்துவிட்டு இந்தக் கேமில் ஏறினால் கப்பலுக்குள் வழி தெரிந்த மாதிரி ஓர் உணர்வு வரும்.

சாகிற நேரத்தில் யாராவது டயரி எழுதுவார்களா? இது நம்புகிற மாதிரியா இருக்கு?

இல்லை. அந்த உரிமையைக் கேமுக்குக் கொடுத்துவிட வேண்டும். கூத்தில் ராசா மேடைக்கு வந்து “நான் இன்ன நாட்டு ராசா” என்று தன்னைத் தானே அறிமுகப்படுத்துவார், யாரும் எழும்பி நின்று கேள்வி கேட்பதில்லை.

இந்த வழக்கம் வந்ததற்குக் காரணம் உண்டு. சிஸ்டம் ஷொக் செய்தவர்களுக்கு, கேம்களில் ஆட்களோடு பேசுகிற முறை மரக்கட்டையோடு பேசுகிற மாதிரி இருந்தது. நான்கு வசனம் திரையில் வரும், ஒன்றைத் தெரிவு செய்ய வேண்டும், அவ்வளவுதான். அதனால் அவர்கள் கதை நடக்கிற விண்வெளி நிலையத்தில் உயிரோடு பேச ஆளில்லாமல் செய்துவிட்டு, செத்தவர்களின் பதிவுகளை மட்டும் அங்கங்கே விட்டார்கள். செத்தவனோடு உரையாடத் தேவையில்லை, கேட்டால் போதும். 2007இல் பயோஷொக் கடலுக்கு அடியில் உள்ள நகரத்துக்கு அதே உத்தியைக் கொண்டுபோனது. அதற்குப் பிறகு வந்த கேம்களில் ஓடியோ பதிவு இல்லாத பாழ்வீடே இல்லை என்று ஆகிவிட்டது.

செத்துக்கொண்டே எழுதிய டயரிகளில் ராசா என்றால் 1996இல் வந்த முதலாவது ‘ரெசிடென்ட் ஈவில்’ கேமில் உள்ள மிருகக் காவலாளியின் டயரிதான். தொடக்கத்தில் கூட்டாளிகளோடு சீட்டு விளையாடியது, ஒருவன் கள்ளமாக வென்றிருப்பான் என்ற சந்தேகம் என்று சாதாரணமாகப் போகும். பிறகு உடம்பில் கடி, அரிப்பு. பிறகு காய்ச்சல். நாள் போகப் போக வசனம் குறுகும், இலக்கணம் உடையும். கடைசிப் பக்கத்தில் இரண்டே சொல், கடிக்குது, ருசி. எழுதினவன் எப்போது மனுசனாக இருப்பதை நிறுத்தினான் என்று ஒரு வரிகூட இல்லை, ஆனால் உங்களுக்குத் தெரியும். பத்து வயதில் இதை எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு அன்று இரவு கிணற்றடிக்குத் தனியாகப் போகமாட்டேன் என்று நின்றது நான்தான்.

சண்டை நடக்கும்போது எங்கே வாசிக்கிறது?

வாசிக்கத் தேவையில்லை. எடுத்துப் பைக்குள் போட்டுவிட்டு ஓடுங்கள். அநேகமான கேம்களில் மெனுவுக்குள் போனால் எடுத்த எல்லாம் வரிசையாக இருக்கும். சேமிக்கிற இடத்துக்கு வந்த பிறகு, தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்து வாசிக்கலாம். ஓடியோ என்றால் நடந்துகொண்டே கேட்கலாம், ஆனால் எதிரி குரைக்கிற சத்தத்தில் பாதி போய்விடும்.

2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போனதே, அப்போது நான் ஒரு வழக்கம் பழகினேன். கரண்ட் இருக்கிற நேரத்தில் விளையாடிக்கொண்டே டிவியில் வருகிற கடிதங்களைப் போனில் படம் பிடித்து வைப்பேன். கரண்ட் போன பிறகு இருட்டில் படுத்துக்கிடந்து அவற்றை வாசிப்பேன். நுளம்பு கடிக்கும், ஆனால் கேமில் இருந்ததைவிட அந்தக் கடிதங்கள் அந்த இருட்டில்தான் நன்றாக இருந்தன.

ஒன்று மட்டும் வாசித்துப் பார்க்கிறேன். எது?

சரி, அப்படியென்றால் த லாஸ்ட் ஒஃப் அஸ் (2013) கேமில் இஷ் என்ற ஆளின் கடிதங்கள். இஷ் கேமில் ஒரு தரம்கூட வருவதில்லை. முகம் கிடையாது, குரல் கிடையாது.

கரையில் ஏறிக் கிடக்கிற ஒரு படகில் முதல் கடிதம் இருக்கிறது. ஊரில் நோய் பரவியபோது இந்த ஆள் கடலில் இருந்திருக்கிறார். கரையில் மனிதர்கள் ஒருவரை ஒருவர் என்ன செய்கிறார்கள் என்று பார்த்துவிட்டு, கடலிலேயே இருந்துவிட்டார். ஆனால் சாமான் முடியும், படகு பழுதாகும், கரைக்கு வந்துதான் ஆக வேண்டும். வந்து ஒரு கழிவுநீர்ச் சுரங்கத்துக்குள் ஒளிந்துகொள்கிறார். அடுத்த கடிதத்தில் அவருக்குத் தனிமை தாங்கவில்லை. வெளியே போகிறார், பிள்ளைகளோடு வந்த சிலரைச் சந்திக்கிறார், நம்புகிறார். நீங்கள் அந்தச் சுரங்கத்துக்குள் நடந்து போகும்போது ஒரு வகுப்பறை இருக்கும், பிள்ளைகள் கீறிய படங்கள் சுவரில் இருக்கும், மழைத்தண்ணி பிடிக்க ஏற்பாடு இருக்கும், கதவைப் பூட்ட வேண்டும் என்ற மாதிரி விதிகள் எழுதி வைத்திருக்கும். நிலத்துக்கு அடியில் ஒரு சின்ன ஊர்.

யாரோ ஒருவர் ஒருநாள் கதவைத் திறந்து விட்டுவிட்டார். அவ்வளவுதான்.

ஓர் அறையில் துணியால் மூடிய சின்ன உருவங்களும், பக்கத்தில் ஒரு பெரிய ஆளும், நிலத்தில் எழுதிய ஒரு வரியும் இருக்கும்: அவர்கள் வேதனைப்படவில்லை. அந்த அறைக்குள் போகாமலே கேமை முடிக்கலாம். அக்கா மகனின் கூட்டாளி ஒருவன், குச்சவெளிப் பக்கத்துப் பொடியன், தகப்பன் கடலுக்குப் போகிறவர். வழக்கமாகப் பின்னால் இருந்து ஸ்கிப் ஸ்கிப் என்று கத்துகிறவன் அவன்தான். முதல் கடிதத்தைத் தமிழில் சொல்லிக் காட்டினேன். “அந்த ஆள் திரும்பிக் கடலுக்கே போயிருக்கலாம்” என்றான். பிறகு ஒவ்வொரு கடிதத்துக்கும் “அடுத்தது எங்கே” என்று தேடியதும் அவன்தான். இஷ் ஒருசிலரோடு தப்பிப் போனார் என்பது பக்கத்து வீடொன்றில் கிடக்கிற கடிதத்தில் தெரியும். அதற்குப் பிறகு என்ன ஆனார் என்று கேம் சொல்வதில்லை.

எனக்கு இங்கிலிஷ் அவ்வளவு ஓடாது. தமிழ் மீடியம். நான் எப்படி வாசிக்கிறது?

அதிகம் கேட்கப்படுகிற கேள்வி இதுதான், கொஞ்சம் வெட்கத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். வெட்கப்பட ஒன்றுமில்லை, காரணம் சொல்கிறேன்.

‘டார்க் சோல்ஸ்’, ‘எல்டன் ரிங்’ கேம்களை இயக்கிய ஹிடெடாகா மியாசாகி ஜப்பானில் வசதி குறைந்த வீட்டில் வளர்ந்தவர். சின்ன வயதில் நூலகத்திலிருந்து ஆங்கிலப் புத்தகங்களை எடுத்துவந்து வாசிப்பாராம். வயதுக்கு மீறிய புத்தகங்கள், பாதி விளங்காது. விளங்காத இடத்தைப் படத்தைப் பார்த்தும் தன் கற்பனையாலும் நிரப்பிக்கொள்வாராம். பெரியவரான பிறகு கேம் செய்தபோது, விளையாடுகிறவருக்கும் அதே அனுபவம் கிடைக்க வேண்டும் என்று கதையைத் துண்டு துண்டாக உடைத்து ஒளித்துவைத்தார். அதாவது, உலகமே தலையைப் பிய்த்துக்கொள்கிற அந்த லோர் முறை, இங்கிலிஷ் அரைகுறையாக விளங்கிய ஒரு பிள்ளையின் வாசிப்பிலிருந்து வந்தது. நீங்கள் முன்னறையில் இருந்துகொண்டு செய்வதும் அதே வேலைதான்.

இனிக் கை வேலை. போனில் கூகுள் லென்ஸைத் திறந்து டிவிக்கு நேரே பிடித்தால் தமிழில் மாற்றிக் காட்டும். அச்செழுத்து மாதிரி இருந்தால் ஓரளவுக்குப் பரவாயில்லை. கையெழுத்து மாதிரி வளைத்து வளைத்து எழுதியிருந்தால் அதுவும் திணறும். கேமுக்கென்றே உண்டாக்கிய பெயர்களை அது படுகொலை செய்யும். ஒருநாள் ஒரு மாவீரனின் பட்டப்பெயரைச் சமையல் பாத்திரம் மாதிரி ஏதோ ஒன்றாக மாற்றித் தந்தது, சிரித்து முடிய அரை மணித்தியாலம். கருத்தைப் பிடிக்க மட்டும் அதைப் பாவியுங்கள்.

என் முறை இன்னும் பழையது. ஒரு சிஆர் கொப்பியில் சொற்களை எழுதுவது. ஒரு கேம் தனக்கென்று ஒரு கொஞ்சச் சொற்களைத்தான் திரும்பத் திரும்பப் பாவிக்கும். திகில் கேம் என்றால் தொற்று, பரிசோதனை, நிலவறை, சாவி. ராசா காலத்துக் கேம் என்றால் சபதம், சாபம், வம்சம், கவசம். முதல் பத்துக் கடிதத்துக்கு அகராதி வேண்டும், இருபதாவது கடிதத்தில் உங்களுக்கே தெரியாமல் வேகம் வந்துவிடும். சாதாரணதரத்தில் இங்கிலிஷ் பாடத்தில் எனக்குக் கிடைத்த சித்தியில் கேமுக்கும் பங்கு உண்டு. அம்மா இதை இன்றும் ஒத்துக்கொள்ளமாட்டார்.

டார்க் சோல்ஸில் வாசித்தும் ஒன்றும் புரியவில்லையே?

அங்கே முழுக்கதை என்று ஒரு கடிதம் கிடையாது. மோதிரத்தின் குறிப்பில் ஒரு வரி, கேடயத்தில் ஒரு வரி, பொருள் எந்த இடத்தில் கிடக்கிறது என்பதில் ஒரு சேதி. காட்டுக்குள் ஒரு கல்லறையைக் காக்கிற பெரிய சாம்பல்நிற ஓநாய் இருக்கிறது, பெயர் சிஃப். வாயில் வாளைக் கவ்விக்கொண்டு சண்டைக்கு வரும். வாசிக்காதவருக்கு அது ஒரு பெரிய எதிரி, கொன்றால் ஒரு மோதிரம் கிடைக்கும். வாசித்தவருக்குத் தெரியும், அது ஆர்டோரியாஸ் என்ற இறந்துபோன வீரனின் துணை, அந்தக் கல்லறை அவனுடையது, அது கவ்விக்கொண்டிருப்பது அவனுடைய வாளை. சாகப்போகிற நேரத்தில் அது நொண்டத் தொடங்கும், வாளைத் தூக்க முடியாமல் தள்ளாடும். ஒரே சண்டைதான், ஆனால் வாசித்தவருக்குக் கை ஓடாது.

இதை எனக்கு முதலில் பழக்கியது கேம் இல்லை, எங்கள் கோட்டை வாசல். கோணேசர் கோயிலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் பிரெட்ரிக் கோட்டை வாசலால்தான் போக வேண்டும். அந்த வாசல் கல்லில் மீன் சின்னமும், பக்கத்தில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் எத்தனை பேர் போகிறார்கள், எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்? அப்பா நிற்பார். “முன்னே குளக்கோட்டன்” என்று தொடங்குகிற அந்த எழுத்துகள் பாதி அழிந்துபோய்விட்டன. முன்பு குளக்கோட்ட மன்னன் செய்த திருப்பணியைப் பின்பு பறங்கி, அதாவது போர்த்துக்கேயன், வந்து குலைப்பான் என்பது கருத்து. 1620களில் போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையும் சேர்த்துத்தான் கோட்டையைக் கட்டினார்கள். அதாவது, கோயில் இடிபடும் என்று சொல்கிற எழுத்து, கோயிலை இடித்துக் கட்டிய சுவரிலேயே இருக்கிறது. இதைவிட நல்ல இடத்தில் ஒரு கடதாசியை எந்தக் கேம்காரனும் வைத்துவிட முடியாது.

அழிந்துபோன மிச்சத்தை ஊரில் வாய்வழியாக வந்த வெண்பாவை வைத்து நிரப்பிக்கொள்கிறார்கள். அதில் பூனைக்கண், செங்கண், புகைக்கண் என்று அடுத்தடுத்து வருகிறவர்களைப் பற்றிச் சொல்லப்படுகிறது. பறங்கிக்குப் பிறகு ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என்று கணக்குப் போட்டு, யார் எந்தக் கண் என்று ஆளுக்கொரு விளக்கம். தேத்தண்ணிக் கடையில் இரண்டு பெரியவர்கள் இதைப் பற்றி வாக்குவாதப்பட்டதை நான் நேரில் பார்த்திருக்கிறேன். டார்க் சோல்ஸ் விளையாடுகிற பொடியன்கள் மோதிரத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிற அதே சுருதி, அதே சூடு.

யூடியூபில் யாராவது முழு லோரையும் சொல்லுவார்கள்தானே? அது போதாதா?

போதும், கேமை முடித்த பிறகு. முதலிலேயே பார்த்தால் விடையைப் பார்த்துக் கணக்குச் செய்த மாதிரி. இன்னொன்று, அந்த வீடியோக்களில் கேமில் உள்ளதும் சொல்லுகிறவரின் ஊகமும் ஒரே குரலில் வரும், பிரிக்கத் தெரியாது. நானும் பார்க்கிறேன், மறைக்கவில்லை. சோறு சாப்பிடும்போது பார்க்க அதுதான் நல்லது.

கேமில் எழுதியிருப்பது பொய்யாகவும் இருக்குமா?

இருக்கும், நல்ல கேம்களில் கட்டாயம் இருக்கும். ‘மொரோவிண்ட்’ (2002) கேமில் நெரெவார் என்ற பழைய தலைவன் எப்படிச் செத்தான் என்பதற்குப் பல புத்தகங்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சொல்கின்றன. கோயில்காரர் எழுதியது ஒன்று, கோயிலுக்கு எதிரானவர்கள் ஒளித்துவைத்தது இன்னொன்று. எது சரி என்று கேம் தீர்ப்புச் சொல்லவே இல்லை. யார் எழுதினார், எழுதியவருக்கு அதில் என்ன லாபம் என்று பார்க்கப் பழகினால் வாசிப்பு இன்னும் ருசிக்கும்.

எதிரியின் பக்கத்திலிருந்து எழுதியதை வாசிப்பது எனக்கு இன்னும் விருப்பம். ‘மெட்ரொயிட் பிரைம்’ (2002) கேமில் விண்வெளிக் கொள்ளைக்காரரின் கணினிகளை ஸ்கேன் செய்தால், அவர்கள் உங்களைப் பற்றி எழுதியது கிடைக்கும். கதாநாயகி சாமுஸ் உருண்டையாகச் சுருண்டு உருளுவாள் அல்லவா, அதை அவர்களும் செய்து பார்க்கப் போய், பரிசோதனைக்கு நின்ற ஆட்கள் உடம்பு முறுக்கிப் போன கதை ஓர் அறிக்கையில் இருக்கிறது. அலுவலகக் கடித நடையில் எழுதியிருக்கும், அதுதான் சிரிப்பு.

எல்லாவற்றையும் வாசிக்க வேண்டுமா?

வேண்டாம். நான் சொல்கிறேன் என்று வாசித்துவிட்டு என்னைத் திட்டாதீர்கள். லோரில் குப்பையும் உண்டு. ஆயிரம் ஆண்டு வரலாற்றை வருடம், அரசன், யுத்தம் என்று ஒப்புவிக்கிற கலைக்களஞ்சியப் பக்கங்கள் எனக்கு ஒத்துவராது. ‘மாஸ் எஃபெக்ட்’ (2007) கேமின் கோடெக்ஸ் என்ற கலைக்களஞ்சியத்தில் முக்கியமானவற்றை ஒரு குரல் வாசித்துக் காட்டும், அதனால் தப்பியது. ‘ஸ்கைரிம்’ (2011) கேமில் நூற்றுக்கணக்கான புத்தகங்கள். சிலவற்றைத் திறந்தாலே ஒரு திறமை ஒரு படி கூடும், ஆகவே எல்லாப் புத்தகத்தையும் ஒருமுறை திறவுங்கள், பிடித்ததை மட்டும் வாசியுங்கள். முதல் இரண்டு வரியில் ஒரு மனிதன் தெரிந்தால் வாசிப்பேன், வம்சப்பட்டியல் தெரிந்தால் மூடிவிடுவேன். ‘டிஸ்கோ எலிசியம்’ (2019) பத்து லட்சம் சொல்லுக்கு மேல் உள்ள கேம், அதில் இந்த விதி செல்லாது. அங்கே வாசிக்க விருப்பமில்லை என்றால் அந்தக் கேமே வேண்டாம்.

போனில்தான் விளையாடுகிறேன். எனக்கு?

பப்ஜி, ஃப்ரீ ஃபயர் என்றால் நின்று வாசித்தால் சுடுபடுவீர்கள். ‘கென்ஷின் இம்பாக்ட்’ இருக்கிறது, அதில் தொகுதி தொகுதியாகக் கதைப் புத்தகங்கள், நீங்கள் அணிகிற பொருள்களுக்குக்கூடக் கதை. டேட்டாவும் போனில் இடமும்தான் செலவு.

எழுத்து மிகச் சின்னதாக இருக்கிறது, கண் நோகிறது.

முதலில் அமைப்புகளுக்குள் போய் எழுத்தின் அளவைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். சில கேம்களில் கையெழுத்துக் கடிதத்தை அச்செழுத்தாக மாற்றிக் காட்ட ஒரு பொத்தான் இருக்கும். ‘த லாஸ்ட் ஒஃப் அஸ் பார்ட் 2’ (2020) திரையில் உள்ளதை வாசித்துக் காட்டவும் செய்யும். ஒன்றுமில்லாவிட்டால் கதிரையை டிவிக்குக் கிட்ட இழுங்கள்.

தமிழர் சம்பந்தப்பட்டதாக ஒன்றும் இல்லையா? (அக்கா கேட்டது)

‘வெண்பா’ (2023). 1980களின் கடைசியில் கனடாவுக்குப் போன ஒரு தமிழ்க் குடும்பம். தாய் கொடுத்துவிட்ட சமையல் கொப்பி கிழிந்து, கறை பட்டு, பாதி வரிகள் அழிந்துபோய் இருக்கும். மிச்சத்தை நீங்கள்தான் ஊகித்துச் சமைக்க வேண்டும். இட்டலித் தட்டை எந்த ஒழுங்கில் அடுக்குவது என்று அக்கா மகன் முழித்துக்கொண்டிருந்தபோது, குசினியிலிருந்து வந்த அக்கா கொன்ட்ரோலரைப் பறித்து ஒரே தரத்தில் முடித்தார். இந்த வீட்டில் ஒரு கேம் கடதாசியை அவர் வாசித்தது அதுதான் முதல் தடவை. அன்றிலிருந்து “கேமை நிப்பாட்டு” என்ற சத்தம் அரை மணித்தியாலம் பிந்தித்தான் வருகிறது.

மாமா, எங்கட ஊரை வைத்து ஒரு கேம் செய்தால் என்னென்ன கடதாசி கிடக்கும்?

இதற்குப் பதில் சொல்லி ஒரு சனிக்கிழமை முழுவதும் போனது. மூதூரில் தொடங்கலாம். 1660இல் அங்கே பிடிபட்டுப் பத்தொன்பது ஆண்டு கண்டி இராச்சியத்தில் சிறைவாசம் இருந்த ஆங்கில மாலுமி ரொபர்ட் நொக்ஸின் நினைவுக்கல் அங்கே இருக்கிறது. டொக்யார்ட் வீதிப் பக்கத்துப் பழைய ஆங்கிலேயர் மயானத்தில் கடற்படைத் தளபதி சார்ல்ஸ் ஒஸ்டின் அடக்கம். பர்மாவில் 1852இல் செத்தவர், ஆங்கில நாவலாசிரியை ஜேன் ஒஸ்டினின் தம்பி. அந்தக் கல்லறைக்குப் பக்கத்தில் அவருடைய அக்கா ஜேனிடமிருந்து வந்த ஒரு கடிதம் கிடக்க வேண்டும் என்றேன். சீனக்குடா எண்ணெய்த் தாங்கிகளில் 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானம் விழுந்து எரிந்த தாங்கி ஒன்று உண்டு, அங்கே காவலாளியின் டயரி. சுவாமி மலைக்குக் கீழே கடலுக்குள் 1956இல் மைக் வில்சனும் ஆர்தர் சி. கிளார்க்கும் சுழியோடிக் கண்ட கோயில் தூண்கள், அவைதான் கடைசிக் கட்டம். மூச்சு முடிவதற்குள் வாசிக்க வேண்டும்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அக்கா மகன் ஒரு திருத்தம் சொன்னான். கோட்டைக்குள் கிடக்கிற கடதாசியை எடுக்கப் போகும்போது ஒரு மான் வந்து பாதியைத் தின்றுவிட வேண்டுமாம். போன திருவிழாவில் கோட்டை மான் அவனுடைய கையிலிருந்த கச்சான் பையைக் கடதாசியோடு சேர்த்து இழுத்துக்கொண்டு போனது. அந்தக் கட்டத்தை அவனையே எழுதச் சொல்லியிருக்கிறேன்.